சேனை வைத்தவர்

"தஹத்! தஹத்!"

கீழே, கீழே என்று அர்த்தம். மேல்வீட்டு இத்ரிஸ் கத்துகிறார். நான் படியில் நிற்கிறேன். வேகமாக இறங்க முடியவில்லை. நிறைமாத வயிறு. கைப்பிடிச் சுவர் அதிர்கிறது. என் கணவர் தேவராஜ் எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக இறங்குகிறார். நான் விழுந்தால் தாங்குவதற்கு. அவர் இடுப்பில் மூத்தவள் யாழினி. காதைப் பொத்தியிருக்கிறாள்.

விமானம் வருகிறது. புதுத்துணியை நீளமாகக் கிழிக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை எழும்புகிறது.

சூடான் நாடு. கார்த்தூம் நகரம். 2023, சித்திரை இரண்டாம் நாள். சனிக்கிழமை காலை. முந்தின நாள்தான் வருடப்பிறப்புக்குப் பாயசம் வைத்தேன். மறுநாள் ஊருக்கு விமானம். பெட்டிகள் கட்டி வாசலில் நின்றன. ராணுவத்துக்கும் துணைப் படைக்கும் சண்டை தொடங்கிய இடங்களில் ஒன்று அந்த விமான நிலையம்.

ஏன் முன்பே கிளம்பவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில். திருவாலங்காட்டில் என் அப்பா வீட்டில் யாழினி பிறந்தாள். இரண்டாவது, புகுந்த வீட்டின் பொறுப்பு. அது எங்கள் பக்கத்து முறை. திருத்தணியிலிருந்து அத்தை, என் மாமியார், போனில் மகனிடம் சொன்னார்.

"எட்டாம் மாசத்துல புள்ளத்தாச்சிய அழைச்சிகினு வராத நைனா. ஒம்போது பொறக்கட்டும். வருசப்பொறப்பும் ஆவட்டும்."

எட்டில் பயணம் ஆகாது. காத்திருந்தோம். ஒன்பது பிறந்தது. வருடமும் பிறந்தது. நான் பி.எட். படித்தவள். ஏன் ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிளம்பியிருப்போமா? அதுவும் தெரியவில்லை.

இதில் பாதி நான் கண்டது. மீதி என் கணவர் கண்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சின்னவள் எப்படிப் பிறந்தாள் என்று யார் கேட்டாலும் ஒரே வரி. "பொறந்துச்சி. வந்துட்டோம்." அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதர் புதைந்திருந்தார். அவருக்காக எழுதுகிறேன்.

இத்ரிஸைச் சொல்ல வேண்டும்.

லாரி ஓட்டுநர். பெரிய உடம்பு. பெரிய குரல். மாடியில் அவர் பேசினால் எங்கள் வீட்டில் பாத்திரம் பேசும். தேவராஜ் ஒரு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். ஆலையிலிருந்து ஒரு காலி எண்ணெய் டின்னை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நோன்பு மாதம். விடியுமுன் சாப்பிட எழுப்புவதற்கு இத்ரிஸ் அந்த டின்னைத் தட்டிக்கொண்டே படி இறங்குவார். யாரும் கேட்காத வேலை. டங், டங், டங். யாழினி விழித்து அழுவாள். நான் எழுந்துபோய்க் கதவை அடித்துச் சாத்துவேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சாத்துவேன்.

தேவராஜிடம் ஒரு தமிழ்ச் சொல் கற்றிருந்தார். ஒன்றே ஒன்று. படியில் பார்த்தால் போதும்.

"இன்னாபா!"

அசல் திருத்தணி பஸ் ஸ்டாண்டு உச்சரிப்பு. தேவராஜ் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. ஜெனரேட்டர் வைக்கிற அறை. ஜன்னல் இல்லை. அதுதான் பாதுகாப்பு. டீசல் நாற்றம். வெளியே நெருப்பு வெயில். உள்ளே அதைவிடப் புழுக்கம். மின்சாரம் போனது. குழாயில் தண்ணீர் போனது. போன் வந்து வந்து போனது. மற்ற வீட்டார் கார்களில் கிளம்பினார்கள். எங்களுக்குக் கார் இல்லை. இத்ரிஸின் லாரியில் போகலாம் என்று பேசினோம். அவர் மனைவி ரம்ஜான் பெருநாளுக்காக முன்பே சொந்த ஊர் போயிருந்தார். அங்கே எங்களையும் கொண்டுபோய் விடுவதாக இத்ரிஸ் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். சாவியைக் கேட்டார்கள். லாரி போனது.

அவரும் மாட்டிக்கொண்டார். எங்களோடு அந்த அறைக்கு வந்தார்.

சத்தங்களை எழுதி வைக்கிறேன். யாழினி பெரியவளானால் கேட்பாள். வண்டியில் பூட்டிய பெரிய துப்பாக்கி: டுக், டுக், டுக். கொஞ்சம் நிற்கும். மறுபடி. குண்டு விழுந்தால் முதலில் காது அடைக்கும், பிறகுதான் சத்தம். ஒற்றைத் துப்பாக்கி: கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். அப்பாவின் கொல்லையில் கேட்டு வளர்ந்த சத்தம். அதுதான் எனக்கு அதிக பயம். அது மட்டும்தான் ஓர் ஆளைப் பார்த்துச் சுடுவது.

வியாழக்கிழமை. நோன்பின் கடைசி நாள். நம் பஞ்சாங்கத்தில் அமாவாசை. காலையில் இடுப்பு வலி. சூட்டு வலி என்று நினைத்தேன். மறுபடி வந்தது. நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். பனிக்குடம் உடைந்தது.

ஆஸ்பத்திரிகள் மூடிக் கிடந்தன. தேவராஜ் என் தலைமாட்டில் நின்றார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் இயந்திரங்களைச் சரிசெய்கிறவர். என்னைப் பார்த்தார், ஜெனரேட்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இத்ரிஸ் செருப்பைத் தேடி மாட்டினார். எழுந்தார். வெளியே போனார்.

கரும்பு ஒடிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

திரும்பி வந்தார். அவர் பின்னால் ஒரு பெண். உயரம். வெள்ளைச் சேலை மாதிரி ஒரு துணி தலைமுதல் சுற்றியிருந்தது. ஹவா. அடுத்த தெரு மருத்துவச்சி. வீட்டில் சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இத்ரிஸ் அறைக்கு வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். யாழினியைத் தன் முன்னால் நிறுத்தி, அவள் காதுகளைத் தன் கைகளால் மூடினார். அதைப் பார்த்தேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

நடுப்பகல். குழந்தை பிறந்தது. பெண். சின்ன உடம்பு. ஒரு முறை அழுதாள். பூனைக்குட்டிச் சத்தம். நின்றுவிட்டது. அழு, அழு என்று நான் சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா? எனக்குக் கீழே தரை ஈரமாகிக்கொண்டே போனது. ஹவா ஏதோ கத்தினார். கூரை தூரமானது.

இதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

விழித்தபோது குழந்தை என் மார்பில் இருந்தாள். மெதுவாகச் சப்பினாள். வாயோரம் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சேனை வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆங்," என்றார் தேவராஜ்.

பிறந்த குழந்தையின் நாவில் முதலில் தொட்டு வைக்கிற இனிப்பு, சேனை. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ. வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். ஆயுசும் வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். யாழினிக்கு என் பெரியப்பா வைத்தார். இவளுக்கு அப்பாவே வைத்தார் என்று நிம்மதி அடைந்தேன். அந்த அறையில், அந்த நிலையில், அதைப் போய்க் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பெருநாள். விடியலில் டின் சத்தம் இல்லை. இனி நோன்பு இல்லை அல்லவா. ஹவா தன் குழந்தைகளிடம் போக வேண்டும் என்றார். இத்ரிஸ் கூடப் போனார். ஒரு குச்சியில் வெள்ளைத் துணி கட்டி எடுத்துக்கொண்டார். நான் படுத்தபடி பார்த்தேன். யாழினியிடம் குனிந்து "இன்னாபா" என்றார். போனார்.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. லாரியைத் தேடிச் சொந்த ஊருக்கே போய்விட்டார் என்று தேவராஜ் சொன்னார். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம் கூட வந்தது. அன்று மாலை தேவராஜின் கையெல்லாம் மண். நகக்கண்ணில் மண். என்ன என்று கேட்டேன்.

"தண்ணி பைப்ப தோண்டிப் பாத்தேன். வர்ல."

நம்பினேன்.

பிறகு பஸ். பாலைவனம். துறைமுகம். கப்பல். அதன் பிறகு விமானம். சென்னை. திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் அத்தை ஆரத்தி கரைத்துக் காத்திருந்தார். குழந்தையை வாங்கினார். எடை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினார். முதல் கேள்வி அதுதான்.

"சேனை யார்ரா வெச்சது?"

தேவராஜ் வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "அவருதான் அத்தை."

"ஆங்," என்றார் தேவராஜ்.

வள்ளி என்று பெயர் வைத்தோம். அவள் வளர்ந்தாள். பிழைப்பாளா என்று ஆறு மாதம் மூச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்தாள். அது மட்டுமல்ல. கத்தினாள். பசித்தால் கத்து. பசி தீர்ந்தால் கத்து. காக்கை வந்தால் கத்து. எங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி யாரும் இல்லை. தேவராஜ் அந்தக் கத்தலைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்குச் சத்தம் ஆகவில்லை, சண்டை ஞாபகம் என்று நினைத்தேன். காலை மின்சார ரயிலில் வேலைக்குப் போனார். மாலை வந்தார். வீட்டிலும் அந்த ஜன்னல் இல்லாத அறையிலேயே இருந்தார். எனக்கு அதை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் வயதில் மலையில் மொட்டை. முருகனுக்கு முடி நேர்ந்திருந்தோம். என் தம்பி, தாய்மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டான். தலையில் தண்ணீர் பட்டதும் வள்ளி தொடங்கினாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மொட்டை அடிக்கிறவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க இதுக்கு சேனை வெச்சது? மலையே எறங்கிடும் போலகீது!"

"எம் புள்ளதாங்க வெச்சான்," என்றார் அத்தை. "அவன் சின்னதுல வாயே தொறக்க மாட்டான். இது எங்கேந்து வந்துச்சோ!"

"அப்போ அம்மா வழிதான்," என்றார் மொட்டை அடிக்கிறவர். தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன்.

"நான் வெக்கலமா."

தேவராஜ். மெல்லத்தான் சொன்னார்.

"இன்னா நைனா சொல்ற?"

"நான் வெக்கல. என் ரெண்டு கையும் இவ வயித்து மேல இருந்துச்சி."

மொட்டை முடிந்தது. சந்தனம் பூசினோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். தம்பி பிள்ளைகளைப் பொரி வாங்க அழைத்துப் போனான். சுவரோரம் நிழலில் நின்றோம். கீழே ஊர் தெரிந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

ரத்தம் நிற்கவில்லை. ஹவா கத்தினார். அழுத்து, விடாதே. தேவராஜின் கைகளை எடுத்து என் அடிவயிற்றில் வைத்தார். இவர் அழுத்தினார். கை தளர்ந்தால் ஹவா திட்டினார். ஹவாவின் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. குழந்தை, தேவராஜின் ஆலைச் சட்டையில் சுற்றி, தரையில் கிடந்தாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. அவருக்கு எட்டுகிற தூரம்தான். கையை எடுத்தால் நான். எடுக்காவிட்டால் அவள்.

"மெஷினா இருந்தா எதைன்னா ஒண்ண நிறுத்தலாம்," என்றார்.

ஹவா வெளியே பார்த்துக் கத்தினார். இத்ரிஸ் வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று. ஜெனரேட்டரில் முட்டிக்கொண்டார். முழங்காலில் இறங்கினார். தரையைத் தடவிக்கொண்டே போய்க் குழந்தையைக் கண்டுபிடித்தார். எடுத்தார். ஹவா சொன்னபடி முதுகைத் தேய்த்தார். அது முனகியது. பிறகு சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு பேரீச்சம்பழம். மாலை நோன்பு திறக்க வைத்திருந்தது. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். வாயில் போட்டு மென்றார். அவர்களுக்கும் அந்த வழக்கம் உண்டாம். பிறந்த குழந்தைக்கு மென்ற பழத்தை அண்ணத்தில் தடவுவது.

தண்ணீர் குடிக்காமல் அவர் உதடு வெடித்திருந்தது. நோன்பு. மென்றார். விழுங்கவில்லை.

"தொண்டையவே பாத்துகினு இருந்தேன்," என்றார் தேவராஜ். "அசையல. ஒரு சொட்டு எறங்கல."

விரலால் எடுத்துக் குழந்தையின் வாயில் தடவினார். அவள் விரலைப் பிடித்துச் சப்பினாள். சப்புகிற சத்தம் கேட்டது. வெளியே அந்தப் பெரிய துப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டது என்றார். இத்ரிஸ் மிச்சத்தைத் துப்பினார். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. குழந்தை இருந்த பக்கம் குனிந்தார். வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"இன்னாபா."

தேவராஜ் இங்கே நிறுத்தினார். ரயில் போய்விட்டிருந்தது. வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அன்று மாலை இத்ரிஸ் நோன்பு திறக்கப் பழம் இல்லை. எங்கள் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

பெருநாள் காலை அவர் திரும்பவில்லை. மதியம் தேவராஜ் தெருமுனை வரை ஊர்ந்து போனார். மூடிய டயர் கடை முன்னால் இத்ரிஸ் கிடந்தார். குச்சியும் வெள்ளைத் துணியும் கையில். அவர் பேரைச் சொல்லி தேவராஜ் கத்தினார். உயிர் இல்லை. இடுகாடு போக வழியில்லை. தெருக்காரர் ஒருவரும் இவருமாக ஒரு கதவுப் பலகையில் வைத்து இழுத்துவந்தார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் தோண்டினார்கள். தெருக்காரர் தொழுதார். இவர் பின்னால் நின்றார்.

"ஏன்டா சொல்லல?" என்றார் அத்தை.

"இவளால அப்போ எழுந்து உக்காரவே முடியல. சொன்னா பாலு நின்னுடும்னு பயம். ஊருக்கு வந்தா நீ கேட்ட. ஆயுசு கெட்டியானவங்கதான் சேனை வெக்கணும்னு நீதானமா சொல்லுவ. மறுநாளே செத்தவரு வெச்சாருன்னு எப்படிச் சொல்றது?"

அத்தையின் வாய் திறந்து மூடியது. எனக்கும் அந்தப் பயம் வந்தது. மறைக்கவில்லை. அந்த நொடியில் நான் இத்ரிஸுக்காக அழவில்லை. பொரிக்கடைப் பக்கம் திரும்பி வள்ளி இருக்கிறாளா என்று பார்த்தேன்.

இருந்தாள். பொரி போதாது என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது அத்தை வள்ளியின் கையை விடவில்லை. அந்த வாரம் முழுக்க, வள்ளியைக் குளிப்பாட்டும்போது அவள் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தார். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே என்னைக் கேட்டார்.

"எட்டாம் மாசம் வர வேணான்னு சொன்னது நான்தான?"

இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. தண்ணீரைக் கொட்டினார்.

பிறகு ஒரு காலை. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னா உங்க பேத்தி, விடிஞ்சும் விடியாம டின்ன தட்டுது? தெருவுல ஒருத்தரும் தூங்க வேணாவா? யாரு சேனை வெச்சாங்களோ!"

அத்தை கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார்.

"இத்ரிஸ்னு ஒரு லாரி டிரைவரு. எங்க மேல்வூட்டுக்காரரு."

"யாரு?"

"நல்லா கத்துவாராம். நோன்புல வாயில வெச்ச பழத்தக் கூட முழுங்கலியாம். கொழந்தைக்குக் குடுத்துட்டாரு." குனிந்து மிச்சக் கோலத்தைப் போட்டார். "அவரு சேனைதான் எங்க வள்ளிக்கு."

அந்த நகரத்தை அத்தை பார்த்ததில்லை. எங்க மேல்வூட்டுக்காரரு என்றார். உள்ளே தேவராஜ் ரயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டார். பொத்தானைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தார். அன்று அந்த ரயிலை விட்டார்.

இழந்ததைச் சொல்ல வேண்டும்.

வீடு, பாத்திரங்களோடு. கட்டி வைத்த பெட்டிகள். என் கல்யாணப் புடவை. யாழினியின் பள்ளிக்கூடப் பை. தேவராஜின் கருவிப் பெட்டி. அதோடு இருந்த கடப்பாரை வேப்பமரத்தடியில் நிற்கிறது, அல்லது யாராவது எடுத்திருப்பார்கள். யாழினி அந்த மாதம் முழுக்கப் பேசவில்லை. பிறகு பேசினாள். அதை இழப்பில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. சேர்க்கிறேன்.

ஹவா. மருத்துவச்சி. டயர் கடை முன்னால் அவர் இல்லை. குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தார் என்று தேவராஜ் நம்புகிறார். நானும் நம்புகிறேன். எங்களுக்குத் தெரியாது.

இத்ரிஸ். லாரி ஓட்டுநர். வயது தெரியாது. நாங்கள் கேட்டதில்லை. மனைவி சொந்த ஊரில். அவரிடம் யார் சொன்னார்கள், யாராவது சொன்னார்களா, தெரியாது. வேப்பமரம் எங்கே என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் திருத்தணியில் இருக்கிறார்.

விடிகிறது. வள்ளி அரிசி டின்னை எடுத்துவிட்டாள். டங், டங், டங்.

நான் கதவைச் சாத்துவதில்லை.